கல்லூரியைக் கேட்டு வந்த மந்திரி

அந்த வருஷம் கடவுள் புண்ணியத்தில் மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. வெண்ணாவல் நாட்டுக்கு வம்பும் அந்த மழையோடுதான் வந்தது.

வெண்ணாவலுக்கும் கோடை நாட்டுக்கும் நடுவே கரும்பாறுதான் எல்லை. "ஆறு எங்கே ஓடுகிறதோ அங்கேதான் எல்லை" என்று இரண்டு ராஜாக்களும் சத்தியம் செய்திருந்தார்கள். ஆற்றின் இக்கரையில் வெண்ணாவல் ராஜா மகுடவர்மர் ஏழை பாழைகளின் பிள்ளைகளும் படிக்கட்டும் என்று ஒரு கல்லூரி கட்டியிருந்தார். வெள்ளத்தில் ஆறு தடம் மாறிவிட்டது. விடிந்து பார்த்தால் கல்லூரி அக்கரையில்!

கோடை நாட்டு மந்திரி விக்கிரமதுங்கர் விடுவாரா? மறுநாளே மகுடவர்மரின் சபைக்கு வந்துவிட்டார்.

"கல்லூரி இனி எங்களுடையது. எங்கள் பாடம் வேறு. பிள்ளைகள் முதல் வருஷத்திலிருந்து திரும்பப் படிக்கட்டும்."

மூன்றாம் வருஷப் பிள்ளைகளுக்கோ பரீட்சை நெருங்கிவிட்டது. பெற்ற வயிறு பற்றி எரியாதா?

சபையில் சாதுர்யத்துக்குப் பேர்போனவன் மருதாசலம். ராஜா அவனைப் பார்த்தார்.

"சத்தியத்தை மீறக்கூடாது. சண்டையும் கூடாது. கல்லூரி மட்டும் நமக்கே வேண்டும். என்ன செய்வாயோ, எனக்குத் தெரியாது."

'முருகா, வழி விடப்பா' என்று மனசுக்குள் கும்பிட்டான் மருதாசலம். பிறகு மந்திரியிடம் திரும்பினான்.

"தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள், ஐயா. ஆனால் கல்லூரிக்கு ஒரு வழக்கம் உண்டு. வெள்ளிக்கிழமை காலையில் கல்லூரித் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்து பிள்ளைகளின் குறை கேட்பார். கடைசிப் பிள்ளை பேசி முடிக்கும்வரை எழுந்திருக்கக்கூடாது. நாளைக்கு வெள்ளிக்கிழமை, நீங்கள்தான் தலைவர். நடுவில் எழுந்தால் கல்லூரி எங்களுக்கே."

"பூ! இவ்வளவுதானா? நான் படை நடத்தியவன். பிள்ளைகள் என்ன செய்துவிடும்?" என்று மீசையை முறுக்கிச் சம்மதித்தார் மந்திரி.

வெள்ளிக்கிழமை வந்தது. பழைய தலைவர் நல்லபெருமாள் சாந்தமாக ஓரத்தில் நின்றார். மந்திரி நாற்காலியில் அமர்ந்தார். மருதாசலம் வாசலில் நின்று, "புதுத் தலைவர் குறை கேட்கிறார்!" என்று ஒரே ஒரு குரல் கொடுத்தான்.

முதலில் செங்கமலம் என்ற பெண் ஒரு கிண்ணத்தோடு வந்தாள். "விடுதிச் சாம்பார் ஐயா. இதில் பருப்பு இருக்கிறதா, நீங்களே முங்கிப் பாருங்கள்."

அடுத்து ஒரு நெட்டைப் பையன். "வகுப்புக்கு வந்த நாள் போதாது, பரீட்சை எழுதக்கூடாது என்கிறார்கள் ஐயா."

"ஏன் வரவில்லை?"

"சித்தப்பா கல்யாணம்."

"அதற்கு இத்தனை நாளா?"

"சித்தப்பா ஒருத்தர்தான் ஐயா. கல்யாணம்தான் மூன்று."

"இவன் குறட்டையில் என்னால் படிக்க முடியவில்லை" என்றான் ஒருவன்.

"இவன் கத்திப் படிப்பதில் எனக்குத் தூக்கமே இல்லை, பிறகு குறட்டை எங்கே?" என்றான் மற்றவன்.

"பரீட்சையைத் தள்ளி வையுங்கள்!" என்றது ஒரு கூட்டம்.

"சரி, தள்ளி வைக்கிறேன்" என்று மந்திரி வாய் தவறிச் சொல்லிவிட்டார்.

"அதெப்படித் தள்ளலாம்? நாங்கள் படித்து முடித்துவிட்டோம்!" என்று இன்னொரு கூட்டம் தரையில் உட்கார்ந்துவிட்டது.

உச்சிவேளை தாண்டியும் வரிசை குறையவில்லை. குறை சொன்னவர்களே, "ஒன்றை மறந்துவிட்டேன்" என்று மறுபடி கடைசியில் போய் நின்றார்கள். செங்கமலம் இப்போது ரசத்தோடு வந்தாள்.

மந்திரி துள்ளி எழுந்தார்.

"ஐயா, எழுந்துவிட்டீர்களே!" என்றான் மருதாசலம்.

"எழுந்தேன், போகிறேன், வரவே மாட்டேன்! கல்லூரியும் உங்களுக்கு, அது நிற்கிற நிலமும் உங்களுக்கு!" தலைப்பாகையை எடுக்கக்கூட அவர் நிற்கவில்லை.

சேதி கேட்ட ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். "பிள்ளைகளுக்கு என்னவெல்லாம் சொல்லிக்கொடுத்தாய், மருதாசலம்?"

"ஒன்றுமே இல்லை, மகாராஜா. வாராவாரம் நடப்பதுதான்."

ராஜாவுக்குச் சிரிப்பு இன்னும் பொங்கியது. "அப்படியென்றால் பரிசு நல்லபெருமாளுக்கு! என்ன வேண்டும், கேளும்."

மருதாசலத்தோடு வந்திருந்த நல்லபெருமாள் பணிவாகக் கைகூப்பினார். "வருகிற வெள்ளிக்கிழமை ஒரு நாள் மட்டும், மகாராஜா, எனக்குப் பதிலாகத் தாங்கள் அந்த நாற்காலியில்..."

ராஜாவின் சிரிப்பு சட்டென்று நின்றது.

"ரெண்டு கிராமம் எழுதித் தருகிறேன் ஓய்! ஆளை விடும்!"