இலைக்குத் தண்ணி அடிச்ச பொன்னுரங்கம்

தென்னமெரிக்கான்னு ஒரு தூர தேசம், அதுல ஒரு ஆறு, அந்த ஆத்துல ஒரு பொடிமீன் இருந்தான். சுண்டுவெரல் நீளந்தான். பேரு பொன்னுரங்கம். என்ன சிரிப்பு? மீனுக்குப் பேரு இருக்கக் கூடாதா? ஒழுங்காப் படுத்து ‘ம்’ கொட்டு.

அவங்க சாதி மீன் தண்ணிக்குள்ள முட்டை போடாது. போட்டா யாராவது முழுங்கிடுவாங்க. அதனால புருஷனும் பொண்டாட்டியும் ஜோடியா எம்பி, மேல தொங்குற இலையில முட்டைய ஒட்டிட்டு விழுவாங்க. தொபக்! அப்புறம் அது காயாம வாலால தண்ணி அடிக்கிறது அப்பன் வேலை. காஞ்சா குஞ்சு செத்துப்போயிடும்.

“அசந்துடாதீங்க”ன்னா பொண்டாட்டி தனபாக்கியம்.

“எனக்குச் சொல்லணுமா?”ன்னான் இவன். சளப், சளப்.

மொதல்ல தூக்கம் சொக்குச்சு. வேர்ல போய் முட்டிக்கிட்டு முழிச்சுக்கிட்டான். அப்புறம் பசி. மூக்குக்கு நேரா கொசுப்புழு நெளியுது, வாயை இறுக்கி மூடிக்கிட்டான். அப்புறம் மீன்கொத்தி வந்து கிளையில உக்காந்துச்சு. அது கண்ணுல இவன் பட்டா வம்பு. அதனால சளப்னு அடிச்சிட்டு விர்ருன்னு ஓடி ஒளிவான், மறுபடி வந்து அடிப்பான். அலுத்துப்போய் அது பறந்துடுச்சு. ம் எங்கே? சரி.

பெருமையா தனபாக்கியத்தக் கூட்டிட்டு வந்து காட்டினான். அவ பாத்துட்டு, “இது பக்கத்து வீட்டு ஏகாம்பரத்தோட இலைங்க”ன்னா.

ஒளிஞ்சு ஒளிஞ்சு வந்ததுல இலை மாறிப்போச்சு! அடுத்தாப்ல இருந்த தன் இலைக்கு ஓடினா, முட்டையெல்லாம் காஞ்சும் காயாம சுருங்கிக் கெடக்கு. அழுதுட்டான். ஆத்துக்குள்ள அழுதா யாருக்குத் தெரியும், சொல்லு? அழுதுக்கிட்டே அடிச்சான். அந்த ஏகாம்பரமோ பாசிக்குள்ள நல்ல குறட்டை. அதுங்களும் புள்ளைங்கதானேன்னு மனசு கேக்கல. அதனால இந்த இலைக்கு ஒரு சளப், அந்த இலைக்கு ஒரு சளப்.

கடைசியில ரெண்டு இலைலேருந்தும் குஞ்சுங்க பொத்து பொத்துனு தண்ணில விழுந்து ஒண்ணாக் கலந்துடுச்சு. ஏகாம்பரம் கண்ணைக் கசக்கிட்டு வந்தான்.

“என் புள்ளைங்க எது?”

“தெரியலையே. நீயே கூப்பிட்டுக்கோ.”

“அப்பா வந்திருக்கேன், வாங்கடா”ன்னான் ஏகாம்பரம். அத்தனை குஞ்சும் சர்ருன்னு திரும்பி, பொன்னுரங்கம் வாலுக்குப் பின்னால போய் நின்னுச்சு. பொன்னுரங்கமோ நின்ன நெலையிலேயே தூங்கிப்போயிட்டான்.

அவனே தூங்கிட்டான், இன்னும் உனக்கென்ன முழிப்பு? கதைக்கும் கண்ணுக்கும் கதவைச் சாத்து.