அதே எழுத்து

கிருமிகளைப் பற்றி டாக்டர் மெஹருன்னிசாவிடம் பாடம் கேட்க வந்தபோது தணிகாசலத்துக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. அவர் கால்நடை மருத்துவர். ஆசிரியைக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும்.

மெஹருன்னிசா வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் தனியறையில் இருளப்பன் பறவைக் காய்ச்சலோடு கிடந்தார். வாத்து மேய்ப்பவர். அவருடைய வாத்துகளைக் கொன்று புதைத்தபோது பக்கத்தில் நின்று வேலையை முடித்தவர் தணிகாசலம்தான். தொண்டையில் குழாய் இறக்கும்வரை இருளப்பன் அந்த வாத்துகளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். கூப்பிட்டுவிட்டு, பதில் வருகிறதா என்று கேட்பதுபோலச் சற்று நிறுத்துவார். பிறகு மறுபடி கூப்பிடுவார்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே அவர் மனைவி பேச்சி நின்றாள்.

"ஒரே ஒரு தடவ அவரு கையைத் தொட்டுக்கிடுறேன்யா."

தணிகாசலம் ஆசிரியையிடம் போனார். "விடலாமே மேடம். இது வாத்துக் கிருமி. மனுஷன்கிட்ட இருந்து மனுஷனுக்கு லேசுல ஒட்டாது."

"நுரையீரல்ல எடுத்த சளியைப் பாத்தீங்களா?"

அவர் பார்த்திருக்கவில்லை. போய்ப் பார்த்தார்.

முதலில் மூக்கில் எடுத்த கிருமியின் மரபணு, வாத்தின் கிருமியோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனது. நுரையீரலில் எடுத்தவற்றில் சிலவற்றுக்கு மட்டும் ஓர் எழுத்து மாறியிருந்தது. இன்னொரு தடவை எடுத்துப் பார்த்தபோது மாறியவையே அதிகம்.

அதுவரை அவருக்குப் பயமில்லை. போன வருடம் வேறொரு தேசத்தில் பறவைக் காய்ச்சலில் இறந்துபோன கோழிக்காரர் ஒருவரின் மரபணுக் குறிப்பை எடுத்து ஒப்பிட்டார். அதே இடம். அதே எழுத்து. ஆசிரியையிடம் ஓடினார்.

"மேடம், இவங்க ரெண்டு பேரும் பாத்துக்கிட்டதே இல்ல. அந்தக் கிருமியிலருந்து இந்தக் கிருமி வரவும் இல்ல. ரெண்டும் எப்படி ஒரே எழுத்தை மாத்துச்சு? யாரு சொல்லிக்கொடுத்தா?"

மெஹருன்னிசா அவருக்குக் கவச உடையை மாட்டிவிட்டு உள்ளே அழைத்துப் போனார்.

"காய்ச்சல் எவ்வளவு?"

"நூத்தி மூணு."

"நோயில்லாத வாத்துக்கு?"

"நூத்தி ஏழு இருக்கும்."

"அப்ப வாத்துலருந்து வந்த ஒண்ணுக்கு இந்த உடம்பு எப்படி இருக்கும்?"

தணிகாசலம் இருளப்பனின் நெற்றியில் கை வைத்தார். கையுறையைத் தாண்டிச் சுட்டது.

"குளிரும்" என்றார்.

"அது தன்னைத்தானே ஓயாம படியெடுக்குது சார். அவசரத்துல தப்புத் தப்பா எடுக்குது. இந்தக் குளிர்ல சரியா எழுதினது எல்லாம் தடுமாறுது. இந்த எழுத்துல தப்பு பண்ணினது மட்டும் தடுமாறாம பெருகுது."

"அப்ப, யாரும் சொல்லிக்கொடுக்கலையா?"

மெஹருன்னிசா இருளப்பனின் மார்பில் கையை வைத்தார். இயந்திரம் காற்றைத் தள்ளியது. மார்பு எழுந்தது. மெல்லத் தாழ்ந்தது.

"அந்தக் கோழிக்காரருக்கும் இதே மனுஷ உடம்புதான்."

தணிகாசலம் வெளியே வந்தார். "உள்ள விட முடியாதும்மா."

பேச்சி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "வாத்தையும் நீங்கதான் புதைச்சீங்க" என்றாள். அவர் அங்கிருந்து நகரவில்லை. பொழுது சாயும்வரை கண்ணாடிக்கு முன்னால் அவளோடு நின்றார்.

இருளப்பன் பிழைக்கவில்லை. உடலைச் சுற்றிக் கட்டி எரித்தார்கள். பேச்சி தூரத்திலிருந்து கும்பிட்டாள். அவளுக்குக் கிருமி இல்லை. வேறு யாருக்கும் இல்லை.

புகை அடங்கியபின் தணிகாசலம் கேட்டார். "மாறின கிருமி எல்லாம் அவரோடயே எரிஞ்சுபோச்சு. யாருக்கும் தாவல. கத்துக்கிட்டது அத்தனையும் போச்சு. இத்தோட முடிஞ்சுதுல்ல மேடம்?"

"கிருமிதான் எரிஞ்சுது" என்றார் மெஹருன்னிசா. "சொல்லிக்கொடுத்த உடம்பு நம்ம எல்லார்கிட்டயும் இருக்கே, சார்."

தணிகாசலம் மூச்சைக்கூட மெதுவாகத்தான் விட்டார்.