வாசலில் விட்ட சுரைக்குடுக்கை

ஒரு காட்டில் விலங்குகள் எல்லாம் சைக்கிள் ஓட்டின. அவற்றில் கீரிதான் வேகம். கோடைதோறும் நடக்கும் மலைப் பந்தயத்தில் அதை யாரும் முந்தியதே கிடையாது.

பாரம் குறைந்தால் வேகம் கூடும் என்பது அதன் எண்ணம். மட்கார்டைக் கழற்றியது. மணியைக் கழற்றியது. ஸ்டாண்டைக்கூட விட்டுவைக்கவில்லை. பந்தயத்தன்று தண்ணீரும் எடுத்துப் போகாது. பந்தயம் ஐந்தாவது வளைவோடு முடிந்துவிடும். அதற்குள் யாருக்குத் தாகம் வரும்?

ஒரு கோடையில் அதன் மனைவி பெண்கீரிக்கு விஷக்காய்ச்சல் கண்டது. வைத்தியம் பார்க்கும் முள்ளம்பன்றி வந்து நாடி பிடித்தது.

"மலை உச்சியில ஒரு வேர் இருக்கு. பொழுது சாயறதுக்குள்ள அரைச்சுக் குடுத்தா பிழைச்சுக்குவா. சாஞ்சுட்டா என் கையில ஒண்ணும் இல்லை."

உச்சிக்கு இருபது கொண்டை ஊசி வளைவுகள்.

"மத்தியானமே வந்துடுவேன்," என்றது கீரி.

பெண்கீரி சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தது. உப்புப் போட்டுத் தானே கரைத்த கேழ்வரகுக் கஞ்சியைச் சுரைக்குடுக்கையில் நிரப்பி நீட்டியது.

"என்னங்க, இதைக் கொண்டுபோங்க. நடுநடுவே ஒரு வாய் குடிங்க."

"இது வேற பாரமா? உனக்காகத்தானே பறக்கிறேன். போய்ப் படு."

குடுக்கையை வாசலிலேயே வைத்துவிட்டுக் கீரி கிளம்பியது.

அடிவாரத்து ஓடையில் பெருச்சாளி தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தது. உச்சியில் கூடும் சந்தைக்கு அது கடலை மூட்டை கொண்டுபோவது வழக்கம். அதன் வாய் எந்நேரமும் எதையாவது மென்றுகொண்டிருக்கும்.

"அண்ணே, ரெண்டு மடக்கு குடிச்சுட்டுப் போங்க. மேல சொட்டுத் தண்ணி கிடையாது."

"எனக்குத் தாகம் இல்லை."

"தாகம் வந்தப்புறம் குடிச்சா லேட்டு அண்ணே. இந்தாங்க, இந்த வெல்லக் கடலையாவது..."

"நீ சைக்கிள் ஓட்டுறியா, பந்தியில உட்கார்ந்திருக்கியா?" என்று சிரித்துவிட்டுக் கீரி பறந்தது.

ஐந்தாவது வளைவை எப்போதும்போல் தாண்டியது. பத்தாவதில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பதின்மூன்றாவதில் வியர்வை நின்றுபோய், கொளுத்தும் வெயிலில் உடம்பு சிலிர்த்தது. 'இன்னும் கொஞ்சம்தான்' என்று மிதித்தது. மிதிக்கக் கால் இருந்தது, காலில் ஒன்றும் இல்லை. பதினாறாவதில் பாதை இரண்டாகத் தெரிந்தது. இல்லாத பாதையில் திருப்பிய கீரி பாறையில் மோதி விழுந்தது.

எழ முடியவில்லை. உச்சி கண்ணெதிரே தெரிந்தது. பாறையின் நிழல் மெல்ல நீண்டு அதன் முகத்தின்மேல் விழுந்தது. "பொழுதே, நில்லு" என்று சொல்லப் பார்த்தது. குரல் வரவில்லை.

வெகுநேரம் கழித்து, மென்றபடியே மெதுவாக மிதித்துவந்த பெருச்சாளி அதைக் கண்டது. தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக வாயில் விட்டது. வெல்லத்தைக் கரைத்து ஊட்டியது.

"என்னை விடு... அவ காய்ச்சலுக்கு... உச்சியில வேரு..."

"பேசாதீங்க அண்ணே. நான் கொண்டாறேன்."

சொன்னபடியே உச்சிக்குப் போய் வேரைக் கொண்டுவந்தது. கடலை மூட்டையை வழியிலேயே தள்ளிவிட்டு, மூட்டை இருந்த கேரியரில் கீரியைக் கட்டி உட்காரவைத்து இறங்கியது. வீட்டை எட்டியபோது மலைக்குப் பின்னால் கடைசிச் சிவப்பும் மறைந்திருந்தது.

கீரி வேரை நீட்டியது. முள்ளம்பன்றி வாங்கிக்கொள்ளவில்லை.

"இப்பதான், கொஞ்சம் முன்னாடி," என்றது. "கடைசிவரைக்கும் ஒண்ணைத்தான் கேட்டுக்கிட்டே இருந்தா. 'அவர் ஏதாவது குடிச்சாரா'ன்னு."

குடுக்கை வைத்த இடத்திலேயே இருந்தது. கஞ்சி வாய்வரை அப்படியே இருந்தது. அதில் எறும்புகள் மிதந்தன.

நீதி: நெடுந்தூரம் போகிறவர் தாகத்துக்கு முன்பே குடிக்க வேண்டும், பசிக்கு முன்பே உண்ண வேண்டும்; அவசரமாகப் போகிறவர் அதைக் கட்டாயம் செய்ய வேண்டும்.