பூங்காவனத்தின் ஒன்பது கட்டங்கள்

"நல்லது செய்யப்போய் ஒருத்தி மனசு கோணிப் போனா, அதுக்கு நாம என்ன செய்ய முடியும், அம்மை?"

அமிர்தவல்லி வந்து உட்கார்ந்ததும் கேட்டது இதைத்தான்.

அம்மை முறத்தில் கொட்டியிருந்த மொச்சையை உரித்துக்கொண்டிருந்தாள்.

மலையடிவாரத்து அந்தச் சின்ன மடத்துக்கு அம்மைதான் எல்லாம். வயது நாற்பதுகூட இராது. அமிர்தவல்லிக்கோ அறுபத்து மூன்று. முப்பது வருடம் பெண்கள் பள்ளியில் தையல் டீச்சராக இருந்தவள். தன் மகள் வயதுக்காரியிடம் வந்து கேட்டுக்கொள்வதில் அவளுக்குக் கூச்சம் இருந்ததே இல்லை. அன்றைக்கு மட்டும் முகத்தைப் பார்த்துப் பேச வரவில்லை.

"யாரு மனசு?" என்றாள் அம்மை.

"பூங்காவனம்."

சொல்லத் தொடங்கினாள்.

அவர்கள் நாலு சிநேகிதிகள். பதினோரு வருடமாகப் புதன்கிழமை மத்தியானமானால் அமிர்தவல்லி வீட்டு முன்னறையில் கூடிவிடுவார்கள். பழைய சேலைகளையும் சட்டைகளையும் முக்கோணமும் சதுரமுமாக வெட்டி, ஒன்றோடொன்று சேர்த்துக் கையால் தைப்பார்கள். ஒரு சாண் அகலத்துக்கு ஒரு கட்டம். மாதிரிகளுக்கு அவர்களே பேர் வைத்திருந்தார்கள். காத்தாடி, கொக்குவரிசை, கிணற்றுப்படி. கட்டங்கள் சேர்ந்ததும் அமிர்தவல்லி அவற்றை இணைத்து ஒரு போர்வையாக்குவாள். யார் வீட்டில் பிள்ளை பிறந்தாலும் ஒன்று அங்கே போகும். இப்படி ஏழு போர்வை முடிந்திருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் பூங்காவனத்துக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையில் அசைவு திரும்பிவிட்டது, நடுக்கம் மட்டும் நிற்கவில்லை. இருந்தும் ஒரு புதன்கூடத் தவறாமல் ஆட்டோவில் வந்து இறங்கினாள். மற்றவர்கள் நாலு கட்டம் முடிக்கிற நேரத்தில் அவளுக்கு ஒன்று முடியும். அதிலும் மூலைகள் சேராது. தையல் எறும்பு ஓடின மாதிரி வளைந்து வளைந்து போயிருக்கும்.

எட்டாவது போர்வையில் அவள் கட்டங்கள் ஒன்பது.

"ஒன்பதையும் பிரிச்சு, நானே நூல் பிடிச்ச மாதிரி தைச்சுட்டேன். நாலு பேர் பார்த்துச் சிரிக்கக் கூடாதேன்னுதான்."

"அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

போர்வையை விரித்த அன்றைக்கு மற்ற இருவரும் குனிந்து தங்கள் கட்டங்களைக் கண்டுபிடித்துத் தொட்டுத் தொட்டுக் காட்டிக்கொண்டார்களாம். பூங்காவனம் மட்டும் ஓரத்திலிருந்து ஓரம்வரை பார்த்தபடியே நின்றாளாம். நன்றாக வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனவள், அடுத்த ஆறு புதனும் வரவில்லை.

"வேற ஒண்ணும் கேக்கலியா?"

அமிர்தவல்லி முறத்தைப் பார்த்தாள். ஒரு மொச்சையை எடுத்து உரித்தாள். இன்னொன்றையும் எடுத்தாள்.

"கேட்டா. இதுல என்னோடது எதுன்னு கேட்டா."

"நீங்க?"

"ஒண்ணைக் காட்டினேன்."

"எதை?"

"கைக்கு எட்டினதை."

சொன்ன பிறகுதான், சொல்ல வந்ததே இதைத்தான் என்று அவளுக்குத் தெரிந்தது. காதுமடல் சுட்டது. முந்தானையை இழுத்து, மூடியிருந்த தோளையே மறுபடி மூடிக்கொண்டாள்.

அம்மை எழுந்து உள்ளே போனாள். ஒரு துண்டு பச்சைத் துணியும் ஒரு துண்டு வெள்ளைத் துணியும் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தாள்.

"ஒரு காத்தாடி தைச்சுக் கொண்டாங்க. இடது கையால."

பன்னிரண்டு நாள் ஆயிற்று.

முதல் நாள் ஊசி விரலில் ஏறியதே தவிர துணியில் ஏறவில்லை. மூன்றாம் நாள் ஒரு முக்கோணம் ஒட்டியது. பக்கத்து வீட்டுக்காரி சர்க்கரை கேட்டு வந்தபோது, அமிர்தவல்லி துணியைச் சட்டென்று தலையணைக்கு அடியில் தள்ளினாள். தள்ளிய கையைப் பார்த்து அவளுக்கே வெட்கமாகப் போயிற்று. எத்தனை பிள்ளைகளின் கோணல் தையலை வகுப்பு முழுக்கத் தூக்கிக் காட்டியிருக்கிறாள். அந்தப் பிள்ளைகளின் முகங்கள் ஒவ்வொன்றாக வந்து போயின.

கட்டம் முடிந்த அன்றைக்கு அதை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். நடுவில் கூட வேண்டிய முனைகள் கூடவே இல்லை. காத்தாடி ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது.

மடத்துக்குக் கொண்டு போனாள்.

"புரிஞ்சுது அம்மை. எவ்வளவு கஷ்டம்னு புரிஞ்சுது."

அம்மை கட்டத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள்.

"மூலை சேரலையே."

"இடது கைதானே, சேராது."

"இருங்க, நான் நேராக்கித் தர்றேன்."

அம்மை பக்கத்திலிருந்த பிளேடை எடுத்து முதல் தையலுக்கு அடியில் செருகினாள். நூல் அறுகிற சத்தம் கேட்டது.

அமிர்தவல்லி பாய்ந்து கட்டத்தைப் பிடுங்கினாள்.

பிடுங்கியதை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

அம்மை பிளேடைக் கீழே வைத்துவிட்டு, விளக்குக்குத் திரி திரிக்க உட்கார்ந்தாள். நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

பஸ் ஏறிய அமிர்தவல்லி தன் வீட்டுக்குப் போகவில்லை; பூங்காவனத்தின் வீட்டுக்குப் போனாள்.

பூங்காவனம் ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தாள். மடியில் துணி. வா என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த பேச்சை விட்டுவிட்டு அமிர்தவல்லி நேராகச் சொன்னாள்.

"அன்னைக்கு நான் காட்டினது உன்னோடது இல்ல."

பூங்காவனம் மடியிலிருந்த துணியை நீவினாள்.

"உன்னோடது ஒண்ணுகூட அதுல இல்ல. ஒன்பதையும் பிரிச்சது நான்தான்."

"தெரியும்."

அமிர்தவல்லி நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"பிரிச்ச நூலை என்ன பண்ணின?" என்று கேட்டாள் பூங்காவனம்.

இதற்கு ஒரு நல்ல பதில் இருந்திருக்கலாம். அமிர்தவல்லியிடம் இருந்தது ஒன்றுதான்.

"கூட்டிக் குப்பையில போட்டேன்."

பூங்காவனம் தலையை மெல்ல ஆட்டினாள். பிறகு மடியிலிருந்து ஓர் ஊசியையும் நூலையும் எடுத்து நீட்டினாள்.

"இதைக் கோத்துக் கொடு."

அமிர்தவல்லி வாங்கி, நுனியை ஈரமாக்கி, கோத்துக் கொடுத்தாள்.

"தைக்கிறது எனக்குக் கஷ்டமே இல்ல. மெதுவா வரும், அவ்வளவுதான். கோக்கத்தான் முடியாது. மருமக கோத்துக் கொடுத்த நாலு ஊசியோடதான் உன் வீட்டுக்கு வருவேன். அது தீர்ந்ததும் சும்மா உக்காந்திருப்பேன். ரெண்டு வருஷமா."

பூங்காவனம் ஊசியைத் துணியில் ஏற்றினாள்.

"நீ பக்கத்துலதான் இருந்த, அமிர்தம்."