புலி பார்க்கப் போன கொம்பன்

பழைய கோட்டை ஒன்றைச் சுற்றிப் பெரிய காடு. அந்தக் காட்டைத் தேசியப் பூங்கா என்று அறிவித்து வாசலில் கேட்டும் போட்டிருந்தார்கள். கேட்டுக்கு எதிரே ஒரு டீக்கடை. அந்தக் கடையைச் சுற்றி மேய்ந்துகொண்டிருந்தன கொம்பன் என்ற வெள்ளாட்டுக் கிடாவும் அதன் மனைவி வெள்ளச்சியும்.

மாலையில் காட்டிலிருந்து திரும்பும் ஜீப்புகள் எல்லாம் அந்தக் கடையில்தான் நிற்கும். இறங்குகிறவர்கள் ஒருவரை ஒருவர் கேட்பது ஒரே கேள்வி, புலி பார்த்தீர்களா என்பதுதான். பார்த்தவர் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நடுவில் உட்காருவார். பார்க்காதவருக்கு வடைகூடப் பாதிக்கு மேல் இறங்காது. அந்த மீதி வடையைத் தின்றே வளர்ந்த கொம்பனுக்கும் அதே வியாதி தொற்றிக்கொண்டது.

ஒருநாள் கொம்பன் தன் ஆசையைச் சொன்னது. வெள்ளச்சி மெல்வதை நிறுத்திவிட்டது.

"புலியப் பாத்த ஆடு எதுவும் திரும்பி வந்து சொன்னதா நான் கேள்விப்பட்டதில்லையே!"

"அதனாலதான் போறேன். நான்தான் முதல் ஆளு," என்றது கொம்பன்.

இப்படிப்பட்டவர்களிடம் பேசிப் பயனில்லை என்பது வெள்ளச்சிக்குத் தெரியும். அது மறுபடி மெல்லத் தொடங்கியது.

மறுநாள் காலை, காவலர் அசந்த நேரம் பார்த்துக் கொம்பன் கேட்டுக்கு அடியில் புகுந்து உள்ளே போனது. கோட்டை வாசலில் பொன்னி என்ற கீரி அதை வரவேற்றது. வருகிற விருந்தாளிகளுக்குக் கோட்டையைச் சுற்றிக் காட்டுவதில் பொன்னிக்கு அலாதிப் பெருமை. கூலி எதுவும் கேட்காது. 'அடேயப்பா' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அன்றைக்குச் சாப்பாடே வேண்டாம் அதற்கு.

முதலில் ராணி குளித்த குளத்தைக் காட்டியது. குளம் நிறைய தாமரை. புலி இங்கே தண்ணீர் குடிக்க வருமா என்று கேட்டது கொம்பன். அடுத்து ஒரு பீரங்கி. அதன் வாய்க்குள் ஆந்தைக் குஞ்சுகள் மூன்று வரிசையாக உட்கார்ந்திருந்தன. பீரங்கிக்குப் பின்னால் புலி இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தது கொம்பன். பிறகு இரண்டும் கோட்டை மதில்மேல் ஏறின. கீழே ஒரு யானைக் கூட்டம், பிறந்து சில நாளே ஆன குட்டியை நடுவில் விட்டு நடத்திக்கொண்டு போனது. பார்த்துப் பார்த்துப் பழகிய பொன்னிக்கே கண் கலங்கிவிட்டது.

"இந்த யானைங்க மறைக்குது. கொஞ்சம் தள்ளிப் போகச் சொல்லேன்," என்றது கொம்பன்.

பொன்னிக்கு வந்த கோபத்தில் வாலே இரண்டு மடங்கு தடித்துவிட்டது.

இதையெல்லாம் புதரில் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்த நரி மெதுவாக எழுந்து வந்தது. புலி தின்று மிச்சம் வைப்பதைத் தின்று பிழைக்கும் நரி அது. இரண்டு நாளாக மிச்சம் எதுவும் இல்லை.

"அண்ணாச்சி, இந்தம்மா கோட்டையக் காட்டியே பொழுதை ஓட்டிடும். புலிதானே வேணும்? என்கூட வாங்க," என்றது நரி.

நடந்து போய்ப் புலி பார்க்கும் வழக்கம் இங்கே யாருக்கும் இல்லை என்று பொன்னி எவ்வளவோ தடுத்துப் பார்த்தது. பொறாமையில் பேசுகிறாய் என்று சொல்லிவிட்டுக் கொம்பன் நரியின் பின்னாலேயே போய்விட்டது. கோபம் ஒரு பக்கம் இருந்தாலும், தன்னை நம்பி வந்த விருந்தாளி செத்துப்போவதைப் பொன்னியால் பொறுக்க முடியவில்லை. கோட்டைக்குப் பக்கத்து அரசமரத்தில் குடியிருந்த மந்தியைத் தேடி ஓடியது.

நரி போய் நின்ற இடம் கோட்டையின் பழைய நெல் களஞ்சியம். கொம்பன் உள்ளே காலை வைத்தது. வெயிலிலிருந்து வந்ததால் ஒன்றும் தெரியவில்லை. இருட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் மட்டும் வந்தது.

"யாரு?"

"சுற்றுலா வந்திருக்கேங்க. உங்கள ஒரு பார்வை பாத்துட்டுப் போயிடறேன்."

"வண்டி எங்க?"

"வண்டி இல்லீங்க. நடந்துதான் வந்தேன்."

"வண்டியில வந்தா விருந்தாளி. நடந்து வந்தா விருந்து," என்றது குரல்.

அப்போதுதான் கொம்பனுக்குத் தான் ஆடு என்பதே நினைவுக்கு வந்தது. கண்களை இறுக மூடிக்கொண்டது.

அதே நேரம் வெளியே மந்தி தொண்டை கிழியக் கத்தியது. மந்தி கத்தினால் பக்கத்தில் புலி என்பது ஜீப் ஓட்டுபவர்களுக்குத் தெரியும். எங்கெங்கோ நின்ற ஜீப்புகள் எல்லாம் புழுதி கிளப்பிக்கொண்டு களஞ்சிய வாசலுக்கு வந்து முட்டிக்கொண்டு நின்றன. அந்த இரைச்சலில் பாயப் போன புலி ஒரு கணம் தயங்கியது. அந்த ஒரு கணம் கொம்பனுக்குப் போதுமானதாக இருந்தது. மூடிய கண்ணைத் திறக்காமலே திரும்பி, தூணில் ஒரு முட்டு, சுவரில் ஒரு முட்டு முட்டி, வாசல் வழியே வெளியே பாய்ந்தது.

கேமராவைத் தூக்கிப் பிடித்திருந்தவர்களின் முகம் தொங்கிப்போனது. "சே, புலி வரும்னு பாத்தா ஆடு வருது!" என்றார் ஒருவர்.

கொம்பன் நிற்கவே இல்லை. சாப்பாடு கைநழுவிய கோபத்தில் புலி நரியை ஒரு பார்வை பார்த்தது. நரியும் அதன் பிறகு நிற்கவில்லை.

சாயங்காலம் டீக்கடைப் பக்கம் ஆடுகள் எல்லாம் கொம்பனைச் சூழ்ந்துகொண்டன. புலி எப்படி இருந்தது என்று கேட்டன.

"இருட்டா இருந்துச்சு," என்றது கொம்பன்.

"சரி, கோட்டை? குளம்? யானை குட்டி போட்டிருக்காமே, அது எப்படி இருந்துச்சு?" என்று கேட்டது வெள்ளச்சி.

கொம்பன் யோசித்துப் பார்த்தது. வாயைத் திறந்தது. சொல்ல ஒன்றுமே இல்லாததால் "மே" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டது.

நீதி: ஊர் மெச்சுவதற்காக ஒன்றை மட்டும் தேடி ஓடுகிறவன், அதையும் பார்ப்பதில்லை, கண்முன்னே இருப்பதையும் பார்ப்பதில்லை.