நூறு கூடைக் கோடு

கோடை வந்தால் ஒரு பச்சை இலைகூட மிஞ்சாத காடு ஒன்று இருந்தது, குழந்தைகளே. பங்குனி பிறந்ததும் அங்கே புல் கருகிவிடும். கிழங்கெல்லாம் மண்ணுக்குள்ளேயே சுருங்கிவிடும். பாறைச் சுனையில் மட்டும் குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் நிற்கும்.

அப்படிப்பட்ட காட்டிலும் விலங்குகள் பட்டினி கிடந்ததில்லை. அங்கே ஒரு குகை இருந்தது. குகை நிறையக் கூடைகள் இருந்தன. கூடைகளில் உலர்ந்த பழமும் கிழங்கும் இருந்தன.

ஆற்றைக் கடந்து தெற்கே போனால் செழிப்பான தோப்புகள் உண்டு. எருமைக் கூட்டம் அங்கே போய்க் கூடை கூடையாகச் சுமந்து வரும். குகைக்குள் அவற்றை வரிசையாக அடுக்குவார்கள். ஒரு வரிசைக்குப் பத்துக் கூடை. காடு முழுவதற்கும் ஒரு நாளைக்கு ஒரு வரிசை தேவை.

எருமைகள் ஓயாமல் போய்வந்தால் குளம்பு தேய்ந்துவிடும். அளவுக்கு மீறிக் கொண்டுவந்து குவித்தால் வண்டு அரித்துவிடும். ஆகவே, எருமைகள் எந்த நாளில் புறப்பட வேண்டும் என்பதுதான் பெரிய கேள்வி.

அதைச் சொல்லும் வேலை முள்ளாயி என்ற முள்ளம்பன்றியுடையது. குகையைக் காத்ததும் அதுதான். முள்ளாயிக்குக் கோபம் அதிகம். கூடையைச் சாய்த்து வைத்தால் கத்தும். ஈரக் காலோடு உள்ளே வந்தால் முள்ளைச் சிலிர்க்கும். ஆனால் வேலையில் ஒரு பிசகு கிடையாது.

குகைத் தரையில் அது காவிக்கல்லால் ஒரு கோடு கிழித்திருந்தது. உள்ளேயிருந்து பத்தாவது வரிசையை ஒட்டி அந்தக் கோடு இருந்தது. கூடைகள் குறைந்து குறைந்து கோட்டைத் தொட்டதும், "புறப்படுங்கள்!" என்று முள்ளாயி கத்தும். எருமைகள் கிளம்பிவிடும். அப்போது குகையில் நூறு கூடை இருக்கும். பத்து நாள் சாப்பாடு.

எருமைகள் பெரும்பாலும் ஆறு நாளில் திரும்பிவிடும். சில சமயம் ஐந்து நாள். எப்போதாவது எட்டு நாள், ஒன்பது நாள். எத்தனை நாள் ஆனாலும் காட்டில் யாரும் பசித்துப் படுத்ததில்லை.

யாரும் பசித்துக் கிடக்காததால், அது யாரால் என்று யாரும் நினைத்துப் பார்த்ததும் இல்லை.

அந்தக் காட்டுக்கு அரசன் ஒரு கரடி. அதற்குப் புகழ்ச்சி என்றால் தேன். அரசனுக்கு ஆலோசனை சொல்ல நயவன் என்ற நரி வந்து சேர்ந்தது. நயவன் எதையும் இனிக்க இனிக்கப் பேசும்.

ஒரு நாள் நயவன் குகையைச் சுற்றிப் பார்த்தது. பிறகு சபையில் எழுந்து நின்றது.

"அரசே, ஒரு கேள்வி. எருமைகள் சராசரியாக எத்தனை நாளில் திரும்புகின்றன?"

"ஆறு நாளில்" என்றது கரடி.

"ஆறு நாளுக்கு ஆறு வரிசை போதுமே. நம் குகையில் ஏன் எப்போதும் பத்து வரிசை? நான்கு வரிசை சும்மா கிடக்கிறது! அதில் வண்டு விழுகிறது. இதோ!" ஓட்டை விழுந்த ஒரு கிழங்கை நயவன் தூக்கிக் காட்டியது. "உங்கள் குடிமக்கள் வாயில் போக வேண்டியதை வண்டு தின்கிறது அரசே."

சபையில் முணுமுணுப்பு எழுந்தது.

முள்ளாயி முன்னால் பாய்ந்தது. "வண்டு தின்னட்டும்! ஒரு கோடைக்கு ஐந்து கூடை கெடும். அது எனக்கும் தெரியும். ஆறு பெருகினால் எருமை எப்படி வரும்? பாதையில் பாறை சரிந்தால் எப்படி வரும்? அந்த நாளுக்குத்தான் நான்கு வரிசை!"

"ஆறு பெருகி எத்தனை வருடம் ஆயிற்று அக்கா?" நயவன் மெல்லக் கேட்டது.

"மூன்று வருடம்."

"மூன்று வருடமாக வராத வெள்ளத்துக்கு நாற்பது கூடையா?"

"வருமுன் அது உன்னிடம் சொல்லிவிட்டா வரும், மடையா? ஐந்து நாளில் வந்ததும் ஒன்பது நாளில் வந்ததும் சேர்ந்துதானே உன் ஆறு நாள்? ஐந்து நாளில் வந்தால் மிச்சம். ஒன்பது நாளில் வந்தால் நடுவில் மூன்று நாள் எதைத் தின்பாய்? உன் சராசரியையா?"

கேள்வி நல்ல கேள்வி. ஆனால் முள்ளாயி அதைக் கத்திக் கேட்டது. முள்ளெல்லாம் சிலிர்த்து நின்றது. பக்கத்தில் நின்ற மான் பயந்து விலகியது.

நயவன் சிரித்தது. "பாருங்கள் அரசே. நான் கணக்குச் சொல்கிறேன். அக்கா கோபப்படுகிறார். கணக்கில் குறை இருந்தால் ஏன் கோபம்? அமைதியாகச் சொல்லலாமே?"

எல்லோரும் சிரித்தார்கள். கரடியும் சிரித்தது.

"அந்த நாற்பது கூடையை என்ன செய்யலாம் நயவா?" என்று கரடி கேட்டது.

"விருந்து வைக்கலாம் அரசே! உங்கள் பெயரில்!"

அவ்வளவுதான். காடே ஆரவாரம் செய்தது. முள்ளாயியைக் காவலிலிருந்து நீக்கினார்கள். குகை நயவன் கைக்குப் போனது. பழைய கோட்டை அது வாலால் அழித்தது. ஆறாவது வரிசையை ஒட்டிப் புதுக் கோடு கிழித்தது. நாற்பது கூடையும் ஒரே நாளில் வயிற்றுக்குள் போயின. மான் தின்றது. குரங்கு தின்றது. மயில் தின்றது. செவ்வி என்ற முயலும் தன் பங்கைத் தின்றது. செவ்வி அப்போது குட்டி ஈன்றிருந்தது.

முள்ளாயி மட்டும் தின்னவில்லை. "உங்கள் வயிற்றில் நீங்களே மண்ணைப் போட்டுக்கொள்கிறீர்கள்!" என்று கத்திவிட்டுத் தன் வளைக்குப் போனது.

முதல் முறை எருமைகள் ஐந்து நாளில் திரும்பின. குகையில் ஒரு வரிசை மிச்சம் இருந்தது.

"வாழ்க நயவன்!" என்றது காடு.

இரண்டாம் முறை ஆறு நாளில் திரும்பின. கடைசிக் கூடை காலியாகும் நேரத்தில் புதுக் கூடைகள் வந்து இறங்கின.

"பார்த்தீர்களா? ஒரு கிழங்குகூட வீணில்லை. ஒரு வண்டுகூட இல்லை!" என்றது நயவன். கரடி அதன் கழுத்தில் பூமாலை போட்டது.

மூன்றாம் முறை எருமைகள் புறப்பட்ட நாலாம் நாள், மேற்கே மலையில் இடி இடித்தது. கோடை மழை கொட்டியது. ஆற்றில் செந்நீர் மரங்களைப் புரட்டிக்கொண்டு ஓடியது. எருமைகள் முதுகில் கூடைகளோடு அக்கரையில் நின்றன. கழுத்தளவு தண்ணீரில் இறங்கிப் பார்த்த ஓர் எருமையை வெள்ளம் இழுத்துப் போனது. மற்றவை பின்வாங்கின.

ஆறாம் நாள் காலையில் நயவன் வழக்கம்போல முதல் ஆளாகத் தன் பங்கை எடுத்துத் தின்றது. மாலையில் குகை காலி.

ஏழாம் நாள் விலங்குகள் குகை வாசலில் வந்து நின்றன. "எருமைகள் இதோ வந்துவிடும். சராசரியைத் தாண்டி ஒரு நாள்தான் ஆகியிருக்கிறது" என்றது நயவன்.

எட்டாம் நாள், "மழை பெய்ததே, புல் முளைக்குமே!" என்றது. நாலு நாள் முன்பு பெய்த மழைக்கு அதற்குள் புல் முளைத்துவிடுமா, குழந்தைகளே? வெறும் சேறுதான் இருந்தது. பசித்த மான்கள் மரப்பட்டையைக் கடித்தன. கிழக் குரங்கு ஒன்று கிளையைப் பிடிக்க வலுவில்லாமல் விழுந்து இறந்தது.

செவ்விக்குப் பால் வற்றிவிட்டது. ஒன்பதாம் நாள் அதன் மூன்று குட்டிகளில் ஒன்று அசையவில்லை. செவ்வி அதை நக்கி நக்கிப் பார்த்தது. பிறகு புதரோரம் குழி தோண்டியது.

பத்தாம் நாள் காலையில் வெள்ளம் வடிந்து, எருமைகள் வந்து சேர்ந்தன. விலங்குகள் விழுந்தடித்துத் தின்றன. வயிறு கொஞ்சம் அடங்கியதும் எல்லோருக்கும் ஆத்திரம் வந்தது. சபை கூடியது.

நயவன் தலையைக் குனிந்து, இனிய குரலில் பேசியது.

"அரசே, என் நெஞ்சு வெடிக்கிறது. ஆனால் இந்த மழையை யாரால் முன்கூட்டிச் சொல்ல முடியும்? இது விதி. கணக்கில் பிழையில்லை. முதல் முறை ஐந்து நாள், இரண்டாம் முறை ஆறு நாள், இப்போது பத்து நாள். அடுத்த மூன்று முறையும் ஐந்து நாளில் வந்தால் மறுபடியும் சராசரி ஆறுதான்!"

கரடி தாடையைச் சொறிந்தது. நயவனுக்கு மாலை போட்ட கை அல்லவா? "கணக்கில் பிழையில்லை என்றால்..." என்று இழுத்தது.

"இல்லை அரசே. பிழையே இல்லை."

சொன்னது முள்ளாயி. அது கத்தவில்லை. முட்கள் மட்டும் ஒன்றோடொன்று உரசிக் கிறீச்சிட்டன. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நூறு கூடை இருந்திருந்தால் இன்றைக்கும் ஒரு வரிசை மிஞ்சியிருக்கும். அது போகட்டும். நயவன் கணக்கு சரி என்கிறான். நாமும் ஒப்புக்கொள்வோம். இனி அவனுக்கும் அதே கணக்கில் சாப்பாடு போடுவோம்."

நயவன் முகம் மலர்ந்தது. "நியாயம் அக்கா, நியாயம்!"

"ஒரு நாளைக்கு உன் பங்கு எத்தனை கிழங்கு?"

"மூன்று."

"இன்று முதல் ஒன்பது நாள் உனக்கு ஒன்றும் கிடையாது. பத்தாம் நாள் முப்பது கிழங்கு. சராசரி எவ்வளவு?"

நயவன் மெல்லப் பின்னால் நகர்ந்தது.

"சொல்லடா! பத்து நாளுக்கு முப்பது கிழங்கு. சராசரி எவ்வளவு?"

"மூன்று..."

"பிழை இருக்கிறதா?"

கரடிக்கு அப்போதுதான் விளங்கியது. அதன் காதுமடல் சிவந்தது. "எருமைகளே, இவனைச் சுனைக்குப் பக்கத்துப் பாறைப் பிளவில் வைத்துக் காவல் காருங்கள். தண்ணீர் கொடுங்கள். பத்தாம் நாள் வரை வேறொன்றும் கொடுக்காதீர்கள்!" என்று உறுமியது. வெள்ளத்தில் தோழனை இழந்த எருமைகள் பிளவை அடைத்துக்கொண்டு நின்றன.

முதல் நாள் நயவன் நயமாகப் பேசிப் பார்த்தது. இரண்டாம் நாள் எருமைகளைத் திட்டியது. மூன்றாம் நாள் பிளவுக்குள் புரண்டது.

நாலாம் நாள் அது ஊளையிட்டது. "இன்னும் ஆறு நாள் தாங்க மாட்டேன்! அதற்குள் செத்துப்போவேன்! செத்த பிறகு முப்பது கிழங்கு எனக்கு எதற்கு?"

விலங்குகள் கேட்டுக்கொண்டு நின்றன.

செவ்வி முயல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தது. அதன் வாயில் ஒரு கிழங்கு இருந்தது. எருமையின் கால்களுக்கு இடையே புகுந்து, அதை நரியின் முன்னால் போட்டது.

"என் குட்டிக்குப் பேசத் தெரிந்திருந்தால், அதுவும் இதைத்தான் கேட்டிருக்கும்" என்றது செவ்வி. "தின்னு. தின்றுவிட்டு எழுந்து போ. இந்தக் காட்டில் இனி உன் குரல் கேட்கக் கூடாது."

நயவன் கிழங்கை விழுங்கியது. யார் முகத்தையும் பார்க்காமல் வடக்கே தள்ளாடித் தள்ளாடிப் போனது.

"முள்ளாயி, நீ மறுபடியும் குகையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்றது கரடி, குரல் தாழ்த்தி.

"பார்த்துக்கொள்கிறேன். அதனால் என் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள்!" முள்ளாயி கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தது. "அவன் ஒருவனா நாற்பது கூடையையும் தின்றான்? நீ தின்னவில்லையா மானே? மயிலே, நீ? அரசே, விருந்து யார் பெயரில் நடந்தது? தலையைக் குனிந்தால் மட்டும் போதாது. இந்த முறை எருமைகளோடு எல்லோரும் போக வேண்டும். பத்து வரிசையும் நிரம்பும் வரை ஒருவரும் உட்காரக் கூடாது!"

எல்லோரும் தெற்கே போனார்கள். மான்கள் கொம்பில் மாட்டிக்கொண்டு வந்தன. குரங்குகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து தூக்கி வந்தன. மயில் ஒவ்வொரு பழமாக அலகில் கவ்வி வந்தது.

அரசன் கரடியும் தலையில் ஒரு கூடையோடு வந்து குகைக்குள் நுழைந்தது. வாசல் தாழ்வானது. நெற்றியில் பாறை நங்கென்று இடித்தது.

"கூடையைச் சாய்க்காதே!" என்று உள்ளேயிருந்து முள்ளாயி கத்தியது.

கரடி கூடையை நிமிர்த்திப் பிடித்தது. வரிசையில் கொண்டுபோய் வைத்தது.

நீதி: பசி சராசரி பார்த்து வருவதில்லை; வரவு தாமதிக்கும் நாளையும் எண்ணியே இருப்பு வைக்க வேண்டும்.