மே மாத வாரத்தின் சொந்தக்காரர்

ஏற்காட்டு விடுதியில் ஒரு வீடு. வருஷத்தில் ஒரே ஒரு வாரம் மட்டும் அது நமக்குச் சொந்தம், டைம்ஷேர் என்பார்கள். அப்படி ஒரு மே மாத வாரம் விலைக்கு வந்தது. புரோக்கர் தனகோபால் வீட்டைக் காட்டினார், வாரத்தைச் சொன்னார், சொந்தக்காரர் பெயரை மட்டும் சொல்லவில்லை.

"ஓனர்கிட்ட நேரா பேசிக்கிறேனே," என்றாள் அதை வாங்க வந்த சேலத்து இட்லிக்கடை அம்சவேணி.

"நீயா? முடிஞ்சா கண்டுபிடி. எனக்குக் கமிஷனே வேண்டாம்!" என்று சிரித்தார்.

அம்சவேணி சேலம் திரும்பினாள். மே மாதம் அந்த வாரம் வந்ததும் பஸ் ஏறிப் போய்க் கதவைத் தட்டினாள். சொந்தக்காரர் வேறு எப்போது அங்கே இருப்பார்?

திறந்தது தனகோபால். இடுப்பில் லுங்கி, வாயில் டூத்பிரஷ். உள்ளே அவர் குடும்பமே பூரி தின்றுகொண்டிருந்தது.

"வணக்கம், ஓனர் சார்! நேராவே பேசிடலாம். கமிஷன் கிடையாது."

அவர் பிரஷை எடுத்துவிட்டு, "நான் ஓனர் இல்லம்மா," என்று நிஜச் சொந்தக்காரரின் நம்பரைக் கொடுத்தார். அவர் எதிரிலேயே போனை ஸ்பீக்கரில் போட்டு, வாரத்தை வாங்க வந்திருப்பதாகச் சொன்னாள்.

"வாங்குறதுக்கு ஆளே வரலன்னு புரோக்கர் மூணு வருஷமா சொன்னாரேம்மா," என்றது ஒரு தளர்ந்த குரல். "வீட்டுக்காரி ஆபரேஷனுக்காகத்தான் விக்கச் சொன்னேன். போன மாசம் அவ போயிட்டா. இனி அவசரமில்ல, நீங்க மெதுவாவே வாங்கிக்குங்க."